இசக்கி கேட்ட அவகாசம்

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இசக்கியின் கணினி பேசாமற்போனது.

அவள் திரையிலிருந்த கணினிப் பட்டியலில் அதன் வரி சிவந்தது.

இன்னும் பத்து நிமிடம். அதற்குள் மறுமொழி வராவிட்டால் மென்பொருள் அதனை இறந்ததாகக் கொள்ளும், பெயரை நீக்கும், அதனிடமிருந்த கோப்புகளை மற்ற ஊர்க் கணினிகளில் படியெடுத்துக்கொள்ளும். எந்தக் கோப்புக்கும் படிகள் மூன்றுக்குக் குறையக் கூடாது.

அந்த விதியை எழுதியவள் அவள்.

கைபேசி ஒலித்தது. இசக்கியின் மனைவி செல்வக்கனி.

"அந்தப் பெட்டிய அமத்திட்டேன்க்கா. வீட்டக் காலி பண்ணணும். அவுகளே போயிட்டாக, அது மட்டும் எதுக்கு இரைஞ்சிக்கிட்டுக் கெடக்கணும்?"

"சரிம்மா" என்றாள்.

எவரும் விலையின்றி எடுத்தாளும் அந்த மென்பொருளை அவளும் இசக்கியும்தான் பேணிவந்தார்கள். ஒருவர் எழுதும் திருத்தத்தை மற்றவர் ஏற்க வேண்டும். அதுவும் அவள் வகுத்த ஒழுங்கு.

தென்காசிக்கு அப்பால் அவன் ஊரில், தூறல் விழுந்தாலே மின்சாரம் போய்விடும். போகும்போதெல்லாம் அவன் கணினி இறந்ததாகிவிடும். பத்து நிமிடத்தை ஒரு நாளாக்கித் திருத்தம் அனுப்பினான்.

"கரண்டு போனா ஒடனே கருமாதியா? கொஞ்சம் பொறுக்கப்பிடாதாக்கா?"

அவள் சிரிக்கவில்லை. பொறுத்திருக்கும் வேளையில் இன்னொரு கணினியும் பழுதானால் கோப்புகள் என்னாகும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

மறுபடி அனுப்பினான். மறுபடியும் திருப்பினாள்.

அடுத்து வந்ததை அவள் திறக்கவே இல்லை. அதை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அனுப்பியிருக்கிறான் என்பது, எல்லாம் முடிந்த பிறகே தெரிந்தது.

இப்போது திறந்தாள்.

ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.

எழுதியவன் அவன். ஏற்க வேண்டியவள் அவள். ஒழுங்குக்கு ஒரு குறையுமில்லை.

ஏற்பதற்கான காரணத்தைக் கேட்டு ஒரு கட்டம் நின்றது. காரணம் எழுதாத ஒப்புதலை அவள் இதுவரை யாரிடமும் அனுமதித்ததில்லை.

கட்டத்தை வெறுமையாகவே விட்டு அழுத்தினாள்.

புதிய பதிப்பு ஏறியது. சிவப்பு மஞ்சளாயிற்று. நாளை இந்நேரம் வரை அவன் பெயர் நீங்காது.

அவளுடைய சன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

தென்காசிப் பக்கம் மழை பெய்கிறதா என்று தேடத் தொடங்கினாள்.