சொந்த வீட்டுக்காரர் கட்சி

ஸ்டூல் மேல் ஏறி நின்ற சூப்பர்வைசர், வெறும் சுவரைப் பார்த்துக் கண் கலங்கினார். இவ்வளவு பெரிய தலைவர், தன் வீட்டு ஹாலில் தன் படம் ஒன்றைக்கூட மாட்டிக்கொள்ளவில்லையே. கடிகாரம் ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கட்சிக்காரர்கள் ஆசை ஆசையாகக் கொடுத்த படங்களெல்லாம் சோபாவுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன.

“எளிமைய்யா, எளிமை” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா?”

“ஊர்வலம் முடிஞ்சு வந்து பார்த்தார்னா அசந்துடுவாருண்ணே” என்றார் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பாய்லர்காரர். “இந்தாங்க, நல்ல நீள ஆணியா பார்த்து எடுத்து வெச்சிருக்கேன்.”

இருவரும் பிஸ்கட் ஃபேக்டரியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஃபேக்டரியை மூடியது முதலாளி. பாங்க் பாங்காகக் கடன் வாங்கிவிட்டுக் கம்பி நீட்டியதும் அதே முதலாளிதான். ஆனால் இத்தனைக்கும் காரணம் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்ற உண்மையை, போன வருஷம் ஒரு ஜீப்பும் மைக்குமாக வந்து இறங்கிய தலைவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

“சொந்த வீடு இல்லாதவனுக்கு இந்த ஊர்ல என்ன வேலை? உன் வேலையைத் தின்னது அவன்தான். அவனை மூட்டை கட்டச் சொல்லு, மறுநாளே ஃபேக்டரியில சங்கு ஊதும்” என்றார். அவர் எந்த ஊர், அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குரல் கணீரென்று இருந்தது. வேலை போனவன் காதுக்கு அது போதாதா? இன்று காலை ஓட்டு எண்ணி முடித்தபோது பழைய கட்சிகள் போன இடம் தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஆணியைச் சுவரில் வைத்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மனைவி.

“என்னங்க, நர்ஸம்மா வீட்டுச் சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இருக்கச் சொல்லிடறேன்.”

“இருக்கச் சொல்றதா? நம்ம வீட்டு மாடிதான் ஊர்லயே முதல்ல காலியாகுதுன்னு காலையிலதான் தலைவர்கிட்ட சொன்னேன். யோவ், நீதான்யா ஆம்பளைன்னு முதுகுல தட்டிக் குடுத்தாரு. ஃபேக்டரி திறந்தா மேனேஜர் சீட்டு எனக்குத்தான்.”

“ஃபேக்டரி மூடினதுலேருந்து அவங்க குடுக்கற வாடகையிலதான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது. உங்களுக்கு நெஞ்சு வலி வந்தப்ப மாடியிலேருந்து விழுந்தடிச்சு ஓடி வந்ததும் அந்தம்மாதான். சுவத்துல ஒரு கீறல் இல்லாம வீட்டை வெச்சிருந்தாங்க. இனிமே அப்படி யாருங்க வருவா?”

“ஊருக்காக நாலு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் செத்துட மாட்டோம். போகச் சொல்லு.”

“கிளம்புப்பா” என்று அவள் வண்டிக்காரரிடம் சொல்வது கேட்டது. பிறகு, “வண்டி கிளம்பிடுச்சு” என்றாள். “இனிமே நெஞ்சு வலிச்சா உங்க தலைவரையே கூப்பிட்டுக்குங்க.”

சூப்பர்வைசர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பாய்லர்காரர் எதுவும் கேட்டுவிடக்கூடாதென்று சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டார். ஆணி நச்சென்று இறங்கியது. கூடவே ஒரு தோசைக்கல் அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. பரவாயில்லை, படம் மறைத்துக்கொள்ளும் என்று நினைத்தார். படம் பாதியைத்தான் மறைத்தது.

வாசலில் கோஷம் கேட்டது. தோளில் தூக்கி வந்த தலைவரைக் கூட்டம் ஹாலில் இறக்கிவிட்டது. தலைவர் படத்தைப் பார்த்தார், பிறகு ஆணியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“பூரிச்சுப் போயிட்டாரு” என்று பாய்லர்காரரிடம் குனிந்து கிசுகிசுத்தார் சூப்பர்வைசர்.

“யோவ், யாரைக் கேட்டு அடிச்ச?” கணீர்க் குரல் கம்மிப்போயிருந்தது. “கழட்டுய்யா. சீக்கிரம் கழட்டு.”

“உங்க அடக்கம் எங்களுக்குத் தெரியாதா தலைவரே? உங்க வீட்டுல உங்க படம் இல்லாம வேற யார் படம் இருக்கும்?”

அதற்குள் கூட்டத்தைக் குடையால் விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். தலைவருக்கு வணக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. நேரே சுவரிடம் போய், பூச்சு பெயர்ந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“டிவியில நம்ம வீட்டு வாசலைக் காட்டுறாங்களேன்னு பஸ் பிடிச்சு ஓடி வரேன்” என்றார். “வாடகைக்கு விடும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு? நீங்க ஜெயிச்சா எனக்கென்ன, தோத்தா எனக்கென்ன? இன்னிக்கே காலி பண்ணிடுங்க.”

கோஷம் பாதியில் நின்றது. பாய்லர்காரர் ஸ்டூலிலிருந்து கையை எடுத்துவிட்டார். சூப்பர்வைசர் மட்டும் சுத்தியலும் கையுமாக மேலேயே நின்றார்.

தலைவர் பக்கத்தில் வந்து, அவருக்குக் கை கொடுத்து மெதுவாகக் கீழே இறக்கினார். ஒரு வருஷமாக யோவ் என்றே கூப்பிட்ட வாய், முதல் தடவையாகக் குழைந்தது.

“அண்ணே, உங்க மாடி இப்ப காலியாத்தானே இருக்கு?”