சுப்புராயனின் முழங்கால்

"வுழுந்துட்டான்யா! மறுபடியும் வுழுந்துட்டான்!"

தஸ்தகீர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் ஓங்கி அடித்தார். மைதானத்தின் நடுவே சுப்புராயன் வலது முழங்காலைக் கட்டிக்கொண்டு புரண்டுகொண்டிருந்தான்.

"ஆட வந்தானா, படுக்க வந்தானா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "அடுத்த மேட்ச்சுக்கு ஒரு கட்டில் போட்டு வைங்க பாய்!"

ஊரே சிரித்தது. கோச் தஸ்தகீருக்குக் காது மடல் சுட்டது.

டீம் ராஜாங்கம் முதலாளியுடையது. ரைஸ் மில்காரர். மாதச் சம்பளம் கொடுத்து ஹாக்கி டீம் வைத்திருக்கிறார். ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். லீக்கிலோ ஒரு விதி. ஆட்டம் தொடங்கும்போது பதினொரு பேரில் ஒருத்தனாவது பத்தொன்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அதற்காகக் கல்வராயன் மலையிலிருந்து பச்சமுத்துவைப் பிடித்து வந்தார்கள். பையன் ஸ்டிக்கை வைத்தால் பந்து ஒட்டிக்கொள்ளும். என்ன பிரயோஜனம்?

"விதிக்கு ரெண்டு நிமிஷம் நிக்கட்டும். அப்பறம் வெளிய கூப்ட்டுக்கினு சுப்புராயன எறக்கு. பொடிப்பசங்கள வச்சி பரீட்ச பண்றதுக்கா நான் காசக் கொட்டிக்கினு கீறேன்?" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"சரிங்க முதலாளி" என்றார் தஸ்தகீர். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து ஒவ்வொரு மேட்ச்சிலும் அதே கதை. ரெண்டு நிமிஷத்தில் தஸ்தகீர் கையாட்டுவார், பச்சமுத்து வெளியே வருவான், சீனியர் சுப்புராயன் உள்ளே போவான். போனவன் கொஞ்ச நேரத்தில் பொத்தென்று விழுவான். ஹாக்கியில் ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். வேறு வழியில்லாமல் மறுபடி பச்சமுத்து போவான்.

போன வாரமே முதலாளி சுப்புராயனைத் துரத்தச் சொன்னார். தஸ்தகீர்தான் கெஞ்சினார். "பன்னெண்டு வருஷமா நமக்கு ஓடின காலுங்க. இன்னும் ஒரே ஒரு மேட்ச் பாருங்க. நான் பொறுப்பு."

அந்தப் பொறுப்புக்குக் கிடைத்த மரியாதை இதுதான். சுப்புராயன் விழுந்ததும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

பச்சமுத்து போட்ட கோலில் டீம் ஜெயித்தது. தஸ்தகீருக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. நேராகச் சாமியானாவுக்குள் புகுந்தார்.

"வெக்கமா இல்ல உனக்கு? உனக்கோசரம் அந்தாளு கால்ல வுழாத கொறையா கெஞ்சினேனேடா!"

சுப்புராயன் நிமிரவில்லை. "தப்புதான் பாய்."

"இன்னா தப்புதான்? காலு போச்சின்னா போச்சின்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான? நொண்டிக்கினே வந்து என் மானத்த வாங்கிட்டியே! நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தல காட்டாத. போ!"

"சரி பாய்." எழுந்தவன் தயங்கினான். "என் எடத்துல இனிமே யாரு பாய்?"

"உனக்கு இன்னாத்துக்குய்யா அது? சீசன் நடுவுல எவன் கெடைப்பான்? இந்தப் பையன்தான் முழுசா ஆடணும். எல்லாம் என் தலையெழுத்து!"

சுப்புராயன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். போகிறபோது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் பச்சமுத்துவை ஊருக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட, டிவிஎஸ்ஸில் உட்கார வைத்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். உளுந்தூர்பேட்டை பஸ் நகர்ந்துவிட்டது. அதன் பின்னால் ஒருத்தன் தலைதெறிக்க ஓடினான். எட்டிக் கம்பியைப் பிடித்தான். ஒரே தாவில் படியில் ஏறிக்கொண்டான்.

சுப்புராயன்!

தஸ்தகீருக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"அடப்பாவி! காலு நல்லாத்தான் இருக்குது! இத்தினி நாளும் நடிச்சிருக்கான்! சோத்துல உப்புப் போட்டுத் தின்றவனா இவன்? பச்சமுத்து, நல்லா பாத்துக்கடா. மனுசன் எப்படி இருக்கக் கூடாதுன்னு அந்த நாயப் பாத்துக் கத்துக்க. தூ!"

"அவரத் திட்டாதீங்க சார்!"

பையன் போட்ட சத்தத்தில் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன், கண்ணெல்லாம் சிவந்து நின்றான்.

"சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா மேல சத்தியம் வாங்கிக்கினாரு. பரவால்ல, சொல்றேன்."

"இன்னாடா சொல்லப் போற?"

"'இந்த வருஷம் நீ பெஞ்சிலயே உக்காந்தின்னா உன்ன மறந்துட்டு வேற ஒருத்தனப் புடிச்சாந்துருவானுங்க. பாய்கிட்ட கேட்டும் பிரயோஜனம் இல்ல, அவரு முதலாளி வாயப் பாத்துக்கினு நிக்கிற ஆளு'ன்னாரு சார்."

பையன் விடவில்லை.

"நீங்க கையாட்டி என்ன வெளிய கூப்புடுவீங்க இல்ல? அப்ப எதுர்ல வர்றவரு ஒவ்வொரு தடவையும் என் காதுல ஒண்ணு சொல்லிட்டுதான் உள்ள போவாரு." உளுந்தூர்பேட்டை பஸ் போன பக்கம் பார்த்தான். "'ஷூவ அவுக்காம உக்காருடா. தோ, வுழுந்துடறேன்.'"