அகலம் 1200

தம்பி கல்யாண பேனருக்குக் குடும்பப் படம் என் பொறுப்பு. படத்தில் இடது ஓரம் ஹெலன் அக்கா, வலது ஓரம் நான். அக்காதான் லேப்டாப் வாங்கித் தந்து என்னைக் கோடிங் படிக்க வைத்தவள். வேறு சாதியில் கட்டிக்கொண்டாள்.

"ஏலே, அவ பேனர்ல இருக்கக் கூடாது" என்றார் அப்பா.

நான் எழுதிய புரோகிராமில், படத்தின் ஓரத்தை நறுக்கும் ஒரே வரி கொடுத்து அவளை வெட்டினேன். வெட்டிய படத்தின் அகலம் 1200 பிக்சல்.

சேமித்துத் திறந்தால் இடது ஓரத்தில் அவள் முழங்கை இருந்தது. மறுபடி வெட்டினேன், தோள் வந்தது. அகலம் மட்டும் மாறாமல் 1200. முகம் வருமுன் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சங்கரன்கோவில் மண்டப வாசலில் பேனர் கட்டினார்கள். அதன் இடது ஓரத்தில் ஹெலன் அக்கா சிரித்தபடி நின்றாள். வலது ஓரத்தில் நான் இல்லை.

அம்மா பேனரில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிவிட்டு என்னிடமே சொன்னாள்: "ஒருத்தரும் விட்டுப்போகல, மக்கா."