திடப்படுத்தல் வசனம்

"எல்லாரும் அவங்கவங்க திடப்படுத்தல் வசனத்தைச் சொல்லுங்க. மைக் பின்னால வரும்," என்றார் ஓய்வுபெற்ற பாஸ்டர் ஃபோல்க்மார், பஸ்ஸின் முன்னிருக்கையிலிருந்து. "லூத்தர் பிறந்த வீட்டைப் பாத்தாச்சு. விட்டன்பர்க் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. தூங்கி வழியாதீங்க."

ஹெல்மாருக்குத் தூக்கமெல்லாம் பறந்துபோயிற்று. பதினான்கு வயதில் பீடத்தின் முன் மண்டியிடும்போது பாஸ்டர் கொடுக்கும் ஒற்றை வசனம் அது. லூத்தரன் வீட்டில் பிறந்தவர்கள் கல்யாண நாளை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள். ஹெல்மார் மறந்துவிடவில்லை. அவருக்கு அப்படி ஒன்று கிடைத்ததே இல்லை.

பக்கத்தில் ரோஸ்விதா ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபையின் பாடகர் குழுவில் சந்தித்து, காதலித்து, கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. வசனம் இல்லை என்று தெரிந்தால், ஏன் இல்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டார் மனிதர்.

மைக் பாடகர் குழுக்காரர்களிடையே நகர்ந்தது. ஊவே மேய்ப்பனைப் பற்றிய வசனத்தைச் சொன்னார். அடுத்த இருக்கையில் கிஸேலாவும் அதையே சொன்னாள். அதற்கடுத்து லொத்தாரும் அதேதான், அதுவும் தப்பும் தவறுமாக. இன்னொருவர் தொண்டை கட்டிவிட்டது என்று மைக்கைக் கைமாற்றினார். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே உரக்கப் பாடியவர் அவர்தான்.

ஹெல்மாருக்கு ஒன்றும் புரியவில்லை. வசனம் இல்லாத தான் திணறுவதில் நியாயம் உண்டு. இவர்களுக்கு என்ன கேடு?

ரோஸ்விதா தன் வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். மைக்கை நீட்டியதும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றாலைகள் மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டார்.

ஹெல்மார் கைக்கு வந்ததும் மைக் செத்துப்போயிற்று. பொத்தானை அணைத்தது அவருடைய கட்டைவிரல்தான்.

விட்டன்பர்க்கில் எல்லாரும் தேவாலயத்தின் வெண்கலக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மார் பாஸ்டரை ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனார். இனியும் தாங்காது என்று தோன்றிவிட்டது.

"பாஸ்டர், எனக்கு வசனமே கிடையாது. வேற ஊர்ல திடப்படுத்தல் ஆச்சுன்னு சொன்னது பொய். எண்பத்துநாலுல நானா சபைக்கு வரலை, அனுப்பினாங்க. பழைய கம்யூனிஸ்ட் அரசாங்கத்து உளவுத்துறைக்காரங்க. உங்களைக் கவனிச்சு வாராவாரம் எழுதிக் கொடுக்கத்தான் பாட்டுக் குழுவுல சேந்தேன். சுவர் விழுந்து அந்த அரசாங்கமே போனதும் நானும் போயிருக்கணும். போக மனசு வரலை."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொண்ணூற்றிரண்டில் உளவுத்துறைக் கோப்புகளைத் திறந்துவிட்டபோதே தன்னைப் பற்றியதைப் படித்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்புறம் ஏன் என்னை விரட்டலை?"

"பாட்டுக் குழுவுல ஒன்பது பேரு. உங்களையும் சேத்து எட்டுப் பேரு என்னைப் பத்தி எழுதியிருந்தீங்க. விரட்டியிருந்தா ஞாயித்துக்கிழமை யார் பாடுறது? நீங்களாவே ஒருநாள் வாயைத் திறப்பீங்கன்னு இருபது வருஷமா பாத்தேன். அதுக்குத்தான் இன்னிக்கு மைக்."

ஒன்பதில் எட்டு. அப்படியானால் மிச்சமிருக்கும் அந்த ஒரே உண்மையான ஆள் யார் என்று ஹெல்மாருக்குச் சந்தேகமே இல்லை. அவமானத்தில் தலை குனிந்துகொண்டார்.

"ரோஸ்விதாவைப் பத்தியும் எழுதினேன் பாஸ்டர். 'விசுவாசத்தில் உறுதியானவள், இவளை அசைக்க முடியாது'ன்னு. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார்.

"இப்பத்தான் அவங்களும் என்கிட்ட வந்து அழுதாங்க. உங்ககிட்ட நேர்ல சொல்லத் தைரியம் இல்லையாம், என்னைச் சொல்லச் சொன்னாங்க. கோப்புல நீங்க எழுதினதுக்கு அடுத்த பக்கத்துல, வார்த்தைகூட மாறாம அதையேதான் அவங்க உங்களைப் பத்தி எழுதியிருக்காங்க."