ஒட்டித் தந்த எழுத்து

"தமிழ் ஸ்டிக்கர் இல்ல சேர். சிங்களம் மட்டும்தான் ஈக்கு," என்றார் கடைக்காரர் மஹ்ரூப்.

நவரட்ணராஜாவுக்குச் சுருக்கென்றது. கீபோர்ட்டில் ஒட்டுகிற தமிழ் எழுத்துத் தாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணெதிரே கிடந்தது. ஊராரின் கண்ணைப் பரிசோதிக்கிற மனிதரிடமே இப்படியொரு பொய்.

சண்டை உச்சத்தில் இருந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைக் கண்டதும் கண்டி லொட்ஜ்காரர்கள் கையை விரித்தார்கள். அதனால் நவரட்ணராஜா தன் பழைய வானுக்குள்ளேயே கட்டில், காஸ் அடுப்பு, கம்ப்யூட்டர் எல்லாம் பொருத்திக்கொண்டார். மனைவி இரஞ்சிதத்தோடு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கண் பார்த்தார். வீடும் அதுதான், கிளினிக்கும் அதுதான்.

எழுத்துத் தெரிகிற திரை வானின் முன்பக்கம். கண் காட்ட வருகிறவர்கள் பின்பக்கம். நடுவில் கிடந்த கீபோர்ட் வயரில் தடுக்கி, போன கிழமை ஒரு மனுசி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வயரில்லாத கீபோர்ட்டும் மவுஸும் தேடி மஹ்ரூப் கடைக்கு வந்தார்.

எந்த ஊர், என்ன வேலை, எதற்கு என்று துருவிக் கேட்ட மஹ்ரூப் ஆரம்பத்திலிருந்தே குறுக்கே நின்றார்.

"அந்த செட் வாணாம் சேர். அதுட பெட்டியில சிவப்பு லைட் மின்னிக்கிட்டே ஈக்கும்."

"மின்னினா என்ன? வேலை செய்யுது எண்டு தெரியுமல்லோ."

"வாணாம். இதக் கொண்டு போங்க. லைட் இல்ல. பெட்டரியும் தோட்டத்துக் கடையில எடுக்கலாம்."

"சரி, தாங்கோ. அந்தத் தமிழ்த் தாளையும் எடுங்கோ, முதலாளி."

"அது வேற ஆளுக்கு வச்சீக்கு."

சொல்லிவிட்டு, கேட்காமலே சிங்கள எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டத் தொடங்கினார்.

"எனக்கு உது வேண்டாம் எண்டு சொல்லுறன்!"

"என்ட கடையில வயர் இல்லாத சாமான் இப்பிடித்தான் போகும். புடிச்சா எடுங்க, இல்லாட்டி வைங்க." கடைசி எழுத்தையும் அழுத்தி ஒட்டிவிட்டு, மஹ்ரூப் அவர் முகத்தைப் பார்த்தார். "கழட்ட மட்டும் வாணாம் சேர்."

கண்டியில் வேறு கடை ஏறி இறங்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். திகனவில் வானை நிறுத்தும் வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை.

"ஆமியும் பொலிசும் போதாதெண்டு, தமிழ் கதைக்கிற மனுசனும் எங்களுக்குச் சிங்களம் படிப்பிக்க வந்திட்டான். எல்லாம் பயம். தன்ர கடை தப்பினாச் சரி."

இரஞ்சிதம் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். "விடுங்கோப்பா. எழுத்துத்தானே, கிடந்திட்டுப் போகட்டும்."

"எழுத்துத்தானேயோ? ஐம்பத்தெட்டில கார் நம்பரில சிங்கள ஸ்ரீ போடச் சொன்னவங்கள். எங்கட அப்பா அதுக்குத் தார் பூசிப்போட்டு, தார்க் கையோட பிடிபட்டு மறியலில கிடந்தவர். நான் அவற்ற பிள்ளை."

தேத்தண்ணி ஆறியது. அவர் பெருவிரல் நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி உரித்தார். உரித்ததைச் சுருட்டிச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தார். அதற்குப் பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது.

தெல்தெனியவுக்குக் கிட்டச் சோதனைச் சாவடி. எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்த கிழமை என்பதால் எல்லா வாகனத்தையும் மறித்தார்கள். இருவரையும் இறக்கிவிட்டு, ஒரு சிப்பாய் வானுக்குள் ஏறிக் கீபோர்ட்டோடு இறங்கினான்.

"இதுக்கு வயர் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டான்.

நவரட்ணராஜாவும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். "வயர் இல்லாதது, மாத்தயா. கண் பரிசோதிக்க."

"தூரத்தில் நின்று அமுக்கினால் வேலை செய்யுமா?"

"ஓம், செய்யும்."

இரஞ்சிதம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சிப்பாய் ஓடிப்போய்க் கோப்ரலைக் கூட்டி வந்தான்.

"எங்கே வாங்கியது?"

"கண்டியில். மஹ்ரூப் கடையில்."

கோப்ரலின் முகம் இளகியது. "நம்ம மஹ்ரூப் முதலாளியா? ராவைக்கு வீட்டுக்குப் போவது இந்த வழியால்தானே."

நவரட்ணராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோப்ரல் கீபோர்ட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி விரலை ஓட்டினான். இளகிய முகம் இறுகிவிட்டது.

"பொய் சொல்கிறாய். இது அவர் கடைச் சாமான் இல்லை."

"சத்தியமாக அங்கேதான்..."

"வயரில்லாத சாமானோடு வந்த ஒரு தமிழ்ப் பெடியனை இங்கே பிடித்து விசாரணைக்கு அனுப்பினோம். பெடியன் திரும்பி வரவில்லை. அவனுக்கு விற்றவர் மஹ்ரூப் முதலாளி. அன்றைக்கே எங்கள் பெரியவரிடம் வந்து அழுதார். 'இனி விசாரித்துப் பார்த்துத்தான் விற்பேன், சிங்கள எழுத்து ஒட்டித்தான் கொடுப்பேன். அந்த எழுத்து இருந்தால் ஆளுக்கு நான் பிணை, விட்டுவிடுங்கள்' என்றார். வாங்குகிறவனுக்கும் இதைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் கட்டளை. ஒட்டினதை ஒட்டினபடி கொண்டு வந்தவர்களையெல்லாம் விட்டிருக்கிறோம். இதில் எழுத்து எங்கே?"

"இருந்தது மாத்தயா!" இரஞ்சிதம் கதறினாள். "இருந்தது! இவர்தான் உரித்தவர்!"

கோப்ரல் நவரட்ணராஜாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பினான். பெருவிரல் நகத்தின் இடுக்கில் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சரி, உரித்திருக்கிறாய்," என்று ஜீப்பின் பின்கதவைத் திறந்துகொண்டே கேட்டான். "ஏன் உரித்தாய்?"