உபதேசியாரின் கண்ணாடி

"கண்ணாடி உடைஞ்சிருச்சுங்க சேர். அது இல்லாம எனக்குக் கண்ணு தெரியாது. கடைக்கு நெருப்பு வச்சது யாருன்னு பார்க்கல."

எதிர்வீட்டு உபதேசியார் மரியதாஸ் பொலிஸில் சொன்னது அவ்வளவுதான். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தக் கடையோடு எரிந்துபோனது எஸ்தரின் புருஷன்.

எஸ்தர் உபதேசியாரை நோகவில்லை. பாவம், ஞாயிற்றுக்கிழமை எப்படி வாசிப்பார் என்று, மாத்தளை டவுனில் கண்ணாடியைத் திருத்தி அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆராதனையில், இயேசு குருடனுக்குப் பார்வை கொடுத்த பகுதியை அவர் உருக்கமாக வாசித்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எஸ்தர், கடைசி வாங்குல ஒக்காந்து அழாதம்மா. முன்னுக்கு வா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"ஒங்க வாசல்ல இருந்து எங்க கடை இவ்வளவு தூரங்கூட இல்லைங்களே ஐயா."