விளிம்பில் தங்கக் கோடு

பத்து வருடமாக மெர்லின் காப்பி குடிப்பது ஒரு பச்சைப் பீங்கான் கோப்பையில்தான். அவளோடு கல்லூரியில் படித்த எட்வின் கொடுத்தது. அவள் கணவன் தாசையனுக்குக் கடற்கரைத் தாதுமணல் ஆலையில் கதிர்வீச்சு அளக்கும் வேலை. ஒரு நாள் கருவியை வீட்டுக்கே கொண்டுவந்து கோப்பையருகே வைத்தான். டிக், டிக் என்றது.

“கேட்டியா? தூக்கிப் போடு” என்றான் சந்தோஷமாக.

“இவ்வளவு இருந்தா ஆபத்தா?”

“ஆபத்தில்ல. எல்லா மண்ணுலயும் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் எதுக்கு?”

கல்யாணத்தன்று அவன் கொடுத்த வெள்ளைக் கோப்பை பிரிக்காத பெட்டியில் இருந்தது. அவள் அதை எடுத்து வந்து கருவியருகே வைத்தாள். இன்னும் வேகமாகப் படபடத்தது.

“உங்க பாசம் கூடுதல்தான்” என்று சிரித்தவள், அதில் தனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு பச்சையை அவனிடம் தள்ளினாள். “பயந்தவரு இதுல குடிங்க.”

பச்சைக் கோப்பை விளிம்பின் தங்கக் கோட்டில் அவள் உதடு படும் இடம் மட்டும் அழிந்திருந்தது. அந்த இடம் தன் உதட்டுக்கு வரும்படி அவன் கோப்பையை மெல்லத் திருப்பினான்.